ஃபுல் பிரேம் மிரர்லெஸ்ஸை விற்றுவிட்டு பாக்கெட் கேமரா வாங்கலாமா?

மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கையில் ஃபுல் பிரேம் மிரர்லெஸ் (பெரிய சென்சார், அதாவது படம் பதிகிற பெரிய சில்லு உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) இருக்கிறது, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைய முடியவில்லை, அதை விற்றுவிட்டு சட்டைப்பையில் போகிற காம்பாக்ட் வாங்கினால் படத்தின் தரம் எவ்வளவு குறையும் என்பது உங்கள் கேள்வி.

நான் நாகர்கோவிலில் கல்யாணம், ஞானஸ்நானம், கோயில் கொடை என்று படம் எடுத்துப் பிழைப்பவன். இரண்டு வகையும் என்னிடம் இருக்கின்றன. ஒன்று ஃபுல் பிரேம் மிரர்லெஸ், அதோடு 24-70 மில்லிமீட்டர் எஃப் 2.8 ஜூம் லென்ஸ். (எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பு, அதாவது அபர்ச்சர்; எண் சின்னதானால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம்.) இன்னொன்று 1 அங்குல சென்சார் உள்ள 20 மெகாபிக்சல் காம்பாக்ட், லென்ஸ் எஃப் 1.8-இல் தொடங்கும். பிராண்டு எது என்று சொல்லப் போவதில்லை, அந்தப் பேச்சு எடுத்தால் உங்கள் கேள்வி காணாமல் போய்விடும்.

பொதுவாக எல்லாரும் சொல்வது "வேலைக்குப் பெரியது, ஊர் சுற்றச் சின்னது" என்று. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எனக்கு அது அப்படியே பொருந்தவில்லை. கடற்கரைக்குப் பெரியதைத்தான் எடுத்துப் போகிறேன். சந்தைக்கும் சொந்த வீட்டுக்கும் சின்னது. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் எடை. உதாரணத்துக்கு சோனி ஏ7 நான்காம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து பாடி மட்டும் 658 கிராம். அதற்கான 24-70 ஜிஎம் இரண்டாம் பதிப்பு லென்ஸ் 695 கிராம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றேகால் கிலோவைத் தாண்டிவிடும். அதே கம்பெனியின் ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்பு 302 கிராம், அதில் 24 முதல் 200 மில்லிமீட்டர் வரை ஜூமும் அடக்கம். உங்கள் தோள்வலி பொய்யில்லை.

இனி தரம். ஃபுல் பிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மில்லிமீட்டர். 1 அங்குல சென்சார் என்று பெயர்தான், உண்மையில் அது 13.2-க்கு 8.8, சுமார் 116 சதுர மில்லிமீட்டர். ஏழு மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஒரே அபர்ச்சர், ஒரே ஷட்டர் ஸ்பீடு வைத்தால் பெரிய சென்சாருக்குள் ஏழு மடங்கு வெளிச்சம் விழுகிறது, கிட்டத்தட்ட மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). இருட்டில் சின்னதில் வரும் புள்ளி புள்ளியான நாய்ஸ் இதனால்தான் வருகிறது.

இங்கே ஒரு விஷயத்தை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். எனக்கே அது புரிய ரொம்ப நாள் ஆனது, புரிந்த இடம் தோவாளை பூச்சந்தை.

தோவாளைக்குப் போயிருப்பீர்கள், திருநெல்வேலி ரோட்டில். விடிவதற்கு முன்னாலேயே வியாபாரம் சூடு பிடித்துவிடும், ஓணம் சமயத்தில் கேட்கவே வேண்டாம். பல்பு வெளிச்சம்தான். முன்னால் பிச்சிப்பூக் குவியல், அதற்குப் பின்னால் எடை போடுகிறவர், அவருக்கும் பின்னால் சாக்கைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆள். மூன்றும் தெளிவாக வந்தால்தான் அது சந்தை. பெரிய கேமராவில் எஃப் 2.8 வைத்தால் பூ தெளிவாக இருக்கும், ஆள் மங்கிப்போவார். கல்யாணப் பெண்ணுக்கு அழகாக இருக்கிற அந்த மங்கல் இங்கே படத்தைக் கெடுக்கிறது. அதனால் அபர்ச்சரை எஃப் 5 அளவுக்குச் சுருக்க வேண்டும், சுருக்கினால் வெளிச்சம் போதாது, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்வை, 6000 பக்கம் ஏற்ற வேண்டும். சின்ன கேமராவிலோ எஃப் 1.8-இல் திறந்து வைத்தாலே அதே அளவு தெளிவின் ஆழம் கிடைத்துவிடும், ஐஎஸ்ஓ 800 போதும், ஷட்டர் இரண்டிலும் 1/60 வினாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு சென்சாரிலும் விழுந்த மொத்த வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றே. நாய்ஸும் ஏறக்குறைய ஒன்றே.

ஆக, ஆழம் வேண்டிய படத்தில் பெரிய சென்சாரின் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. பின்புலம் மங்க வேண்டும், அல்லது ஒரே தூரத்தில் உள்ள ஒரே ஆள் போதும் என்றால் அந்த மூன்று ஸ்டாப்பும் முழுசாகக் கிடைக்கும். எஃப் 1.4 லென்ஸ் போட்டு இருட்டான கோயில் பிராகாரத்தில் ஒரு முகத்தை எடுக்கிற இடத்துக்கு 1 அங்குல காம்பாக்ட் எதுவும் வராது. அதில் சந்தேகமே வேண்டாம்.

தோவாளையில் சின்னது ஜெயிக்க இன்னொரு காரணம் மனிதர்கள். பெரிய கேமராவோடு நுழைந்தால் முதல் கேள்வி, "எந்த டிவில வரும் சார்?" அடுத்தது, "பூவுக்கு விலை கிடைக்கல்லன்னு எழுதுங்க." அவர்கள் சொல்வது நியாயம், நான் நின்று கேட்பேன். ஆனால் அதற்குப் பிறகு எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் எல்லாரும் லென்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சின்னதை எடுத்துப்போன அன்று மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "என்ன மக்ளே, போட்டோ பிடிக்கியா? பிடி பிடி" என்றுவிட்டு மறுபடி நாரில் விரலை ஓட்டத் தொடங்கிவிட்டார். ஷட்டர் சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லை. காம்பாக்டுகள் பலவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும், சத்தம் மெல்லிய 'டிக்' மட்டும்தான். அந்த விரல்களின் படம் இன்னும் என் மேஜைக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. 12-க்கு 18 அங்குலம். 20 மெகாபிக்சலுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) சரியாக அந்த அளவு வரும், நம் ஊர் 12-க்கு 36 கல்யாண ஆல்பத் தாளில் பாதி. பக்கத்தில் நின்று பார்த்தாலும் குறை தெரியாது.

சொந்தக்காரர் கல்யாணம் இன்னும் தெளிவான உதாரணம். பெரிய கேமராவோடு போனால் நீங்கள் விருந்தாளி இல்லை. "நீயே ரெண்டு எடுத்துரு மக்கா" என்று மேடைக்கு இழுப்பார்கள், கூலிக்கு வந்த கேமராமேனுக்கும் சங்கடம். (அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும்.) போன வருடம் சித்தி மகள் கல்யாணத்துக்குச் சின்னதை மட்டும் கொண்டுபோனேன். பந்தியில் அம்மாவும் பெரியம்மாவும் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததை எடுத்தேன். ஊரார் வீட்டு அம்மாக்களை ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறேன். என் அம்மா கேமராவைப் பார்க்காமல் சிரிக்கிற படம் அதுவரை என்னிடம் ஒன்றுகூட இருந்ததில்லை.

சரி, கடற்கரைக்கு வருவோம். சின்னதைப் பற்றி இவ்வளவு நல்லது சொன்ன பிறகு இதைச் சொல்லாவிட்டால் உங்களுக்குத் துரோகம் செய்ததாகிவிடும்.

மணவாளக்குறிச்சிக்கும் முட்டத்துக்கும் இடையில், ஒரு ஆடி மாதம். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று. வள்ளம் கரையேறுகிறது, ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளுகிறார்கள். காம்பாக்டை எடுத்து ஜூம் செய்தேன், லென்ஸ் வெளியே நீண்டது. நாலைந்து படம்தான். மூடும்போது 'கரகர'வென்று ஒரு சத்தம், பாதியில் நின்றுவிட்டது, திரையில் எரர். அந்தக் கரை மணலைப் பார்த்திருப்பீர்கள், இல்மனைட், கார்னெட் என்ற கனிமங்கள் கலந்த கறுப்பு மணல், காற்றில் பறக்கிற அளவுக்குப் பொடி. கார்னெட் கண்ணாடியைவிடக் கடினமானது. ஜூம் குழாய் உள்ளே வெளியே போகும்போதெல்லாம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், மணலும் கூடவே போகும். லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்பதால் நாம் வீட்டில் ஊதித் துடைக்கவும் வழியில்லை. வெளியூருக்கு அனுப்பி லென்ஸ் பகுதியையே மாற்ற வேண்டியதாயிற்று, புதுக் கேமரா விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செலவு. படங்கள் கார்டில் பத்திரமாக இருந்தன, அந்த மட்டில் ஆறுதல்.

மேல்தட்டு மிரர்லெஸ் பாடிகளிலும் லென்ஸ்களிலும் மூட்டுகளில் ரப்பர் அடைப்பு வைத்து தூசியும் சாரலும் எளிதில் புகாதபடி செய்திருப்பார்கள். தண்ணீரில் முக்கலாம் என்று அர்த்தமில்லை. ஆனால் முட்டம் பாறையில் அலைத்தூறல் படுகிற தூரத்தில் நின்று பல வருடமாக எடுக்கிறேன், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பழக்கம் மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். கடற்கரையில் லென்ஸைக் கழற்றுவதே இல்லை, எது வேண்டுமோ அதை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போய்விடுவேன். திரும்பி வந்ததும் முதலில் ஊதி மணலைப் போக்கிவிட்டு, பிழிந்த ஈரத்துணியால் பாடியைத் துடைப்பேன். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பொருக்கே தேய்த்துக் கீறிவிடும். அப்புறம், நமக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். எந்தக் கேமராவானாலும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள், பீரோவுக்குள் துணியோடு வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

மணக்குடிக் காயலிலும் தேரூர் குளத்திலும் பறவை எடுக்கிற ஆசை இருந்தால் பேச்சே இல்லை, மிரர்லெஸ்தான். காம்பாக்டின் 200 மில்லிமீட்டர் ஜூமிலும் நாரை ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் வரும்.

கூலிக்குப் படம் எடுப்பதாக இருந்தாலும் விற்காதீர்கள். தரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இரண்டு கார்டு போடுகிற வசதிக்காகச் சொல்கிறேன். தாலி கட்டுகிற நிமிஷத்தில் ஒரு கார்டு செத்துப்போனால் காம்பாக்டில் எல்லாம் போச்சு. பேட்டரியும் அப்படித்தான், ஏ7 நான்காம் பதிப்பு ஒரு சார்ஜில் 500-க்கு மேல் எடுக்கும், ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்புக்குக் கம்பெனிக் கணக்கே சுமார் 260.

காம்பாக்ட் என்றால் மலிவு என்றும் நினைத்துவிடாதீர்கள். 1 அங்குல சென்சார் உள்ள நல்லவை புதிதாக வாங்கப்போனால் தொடக்க நிலை மிரர்லெஸ் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். மிரர்லெஸ்ஸை விற்றால் கையில் கொஞ்சம் மிஞ்சும், நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு இருக்காது.

நீங்கள் என்ன எடுக்கிறீர்கள் என்று கேள்வியில் எழுதவில்லை. அதனால் இதைச் செய்து பாருங்கள். கடைசியாக எடுத்ததில் உங்களுக்குப் பிடித்த 200 படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றின் விவரத்தில் அபர்ச்சரையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எஃப் 5.6, எஃப் 8 என்று இருந்து, எடுத்த இடம் வீடு, தெரு, சந்தை, பேச்சிப்பாறைப் பக்கம் மலை என்று வந்தால், தாராளமாக விற்கலாம். அந்தப் படங்களில் எதையும் இழக்க மாட்டீர்கள். எஃப் 2.8-உம் அதற்குக் கீழும் நிறைய வந்தாலோ, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று கடற்கரையாகவே வந்தாலோ பாடியை விற்காமல், அந்தக் கனத்த ஜூம் லென்ஸை மட்டும் கொடுத்துவிட்டு 35 அல்லது 40 மில்லிமீட்டரில் ஒரு சின்ன லென்ஸ் வாங்குங்கள். 200 கிராமுக்குள்ளேயே கிடைக்கிறது, அடைப்பு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். தோளில் அரைக் கிலோ குறையும். எண்ணிக்கை என்ன வந்தது என்று கீழே எழுதினால், எந்த லென்ஸ் பொருந்தும் என்று சேர்ந்து பார்க்கலாம்.