பளுதூக்கும் மேடையிலிருந்து மனத்திறன் பயிற்சிக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளி நாளிலிருந்து பளுதூக்கி, மாநிலப் போட்டிகள் வரை சென்றவன் நான். முழங்கால் காயத்தால் போட்டிகளை நிறுத்திவிட்டேன், பி.காம். முடித்திருக்கிறேன். வார்ம்-அப் அறையில் நன்றாகத் தூக்கிவிட்டு மேடையேறியதும் தடுமாறும் தம்பிகளைப் பார்க்கும்போது, அவர்களுடைய மனத்துக்குப் பயிற்சியளிப்பவனாக வேண்டும் என்று தோன்றுகிறது. மூன்று நாள் ஆன்லைன் வகுப்பில் ‘மென்டல் கோச்’ சான்றிதழ் தருவதாக ஒரு விளம்பரம் கண்டேன். சேரலாமா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: அந்த வகுப்பில் சேர வேண்டாம், விருப்பத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் போட்டிகளின் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் வேலூரில் உள்ள உங்கள் சத்துவாச்சாரிக்காரர். அப்படிப்பட்ட ஊரில் தோளையும் தொடையையும் வலுவாக்கச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் உண்டு. பெயர் அழைக்கப்படும் நேரத்தில் மனத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று முறையாகக் கற்றுக்கொடுப்பவர்கள்தான் நமக்குப் போதவில்லை.

தேவை எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் மூன்று வாய்ப்பு, முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று வாய்ப்பு; அழைத்தபின் தூக்கத் தொடங்குவதற்கு ஒரு நிமிடம், அடுத்ததும் தன்னுடைய முறையாகவே வந்தால் இரண்டு நிமிடம். ஸ்னாட்ச்சின் மூன்று வாய்ப்பும் தவறினால் மொத்த எடைக் கணக்கிலேயே இடமில்லை. அந்த நிமிடத்தில் முந்தைய தவறையே நினைத்துக்கொண்டிருக்கும் பையனிடம் “பயப்படாதே” என்று கத்துவதால் ஒரு பயனும் விளையாது. சாக் பவுடர் பூசுவது, மூச்சை மெதுவாக வெளியே விடுவது, பாரில் கை வைக்கும் இடத்தைப் பார்ப்பது, தனக்கென வைத்திருக்கும் ஒரு சொல்லை மனத்துக்குள் சொல்லிக்கொள்வது என ஒரே வரிசையை அன்றாடப் பயிற்சியில், இலேசான எடையிலும்கூட, பழக்கிவைத்திருந்தால்தான் மேடையில் கவனம் அதைப் பற்றிக்கொள்ளும். அந்த வரிசையை வீரரோடு சேர்ந்து உருவாக்குவதும், அவருக்குப் பொருந்தாததை மாற்றுவதும், போட்டி முடிந்தபின் உட்கார்ந்து அலசுவதும் இத்தொழிலின் அன்றாட வேலை. பதற்றத்தை அடியோடு போக்குவது அதன் நோக்கமும் அன்று. யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் 1908இல் சுண்டெலிகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வளர்ந்த கருத்துப்படி, மனக்கிளர்ச்சி மிகக் குறைந்தாலும் மிக மிஞ்சினாலும் திறன் சரிகிறது. எவருக்கு எந்த அளவு ஒத்துவரும் என்பதை அவரவரோடு பழகித்தான் அறிய முடியும்.

இனி படிப்பு. அமெரிக்காவின் பயன்பாட்டு விளையாட்டு உளவியல் சங்கம் தன் சான்றிதழுக்கு முதுகலைப் பட்டம், வழிகாட்டியின் மேற்பார்வையில் 400 மணி நேரப் பணி, அதன்பின் ஒரு தேர்வு ஆகியவற்றைக் கேட்கிறது. மூன்று நாள் சான்றிதழின் மதிப்பை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் நாட்டில் ‘மனத்திறன் பயிற்சியாளர்’ என்று பலகை மாட்டிக்கொள்வதற்குத் தனி உரிமம் தேவைப்படாததால்தான் இத்தகைய விளம்பரங்கள் பெருகுகின்றன. மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியலுக்குத் துறை இருக்கிறது, பி.காம். பட்டத்தோடு அங்கே எந்தப் படிப்பில் சேரலாம் என்பதை முதலில் விசாரியுங்கள். அஞ்சல் வழியில் உளவியல் படிக்கலாம் என்று எவரேனும் சொன்னால் கவனம் தேவை: தொலைதூர, ஆன்லைன் முறைகளில் உளவியல் படிப்புகளுக்கு 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து மாணவர்களைச் சேர்க்கக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது.

படிப்பைவிடக் கடினமான ஒன்றும் உண்டு. வீரராக இருந்தவருக்குத் தம் அனுபவமே எல்லார்க்கும் மருந்து என்று தோன்றும். உங்களைச் சத்தமான பாட்டு உசுப்பியிருக்கலாம்; உங்களிடம் வரும் பெண்ணுக்கு அமைதி தேவைப்படலாம். காயத்தோடு தூக்கியதை வீரம் என்று நீங்கள் நினைத்திருந்தால், அந்த நினைப்பு அவளிடம் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அவள் சொன்னதை அவளுடைய அனுமதியின்றிப் பயிற்சியாளரிடமோ தேர்வுக் குழுவிடமோ சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு.

எல்லையையும் அறிந்திருங்கள். வாரக்கணக்கில் தூக்கமின்மை, உணவை வெறுத்தல், சாக வேண்டும் என்ற பேச்சு ஆகியவை மனத்திறன் பயிற்சியால் தீர்பவை அல்ல. பாகாயத்தில் 1957இல் தொடங்கிய, சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் நம் ஊரிலேயே இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416இல் தமிழிலும் பேசலாம். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் குழுவின் பதிவு வேண்டும் என்பதால், நீங்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளவும் கூடாது.

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் முடித்தவள் நான். எந்த விளையாட்டும் ஆடியதில்லை. எனக்கு இத்துறையில் இடமுண்டா?
– வாசகி, ஆற்காடு

பதில்: உண்டு. பேடி அப்டன் 1990களில் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணியின் உடற்தகுதிப் பயிற்சியாளராக இருந்து, பிறகு மனப்பயிற்சிக்கு வந்தவர். 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியோடு பணியாற்றினார். அதே மனிதர்தான் 2024இல் பாரிஸில் வெண்கலம் வென்ற நம் ஹாக்கி அணிக்கும், அதே ஆண்டு டிசம்பரில் 18 வயதில் உலக செஸ் சாம்பியனான குகேஷுக்கும் துணை நின்றார். தாம் ஆடிப் பெயர் பெறாத ஆட்டத்திலும் ஒருவர் பயன்பட முடியும் என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் மைதானத்தை அறியாமல் இதில் இறங்க முடியாது. பயிற்சியாளரின் அனுமதி பெற்று, வேலூர் நேதாஜி விளையாட்டரங்கத்திலோ உங்கள் ஊர்ப் பயிற்சிக் கூடத்திலோ சில மாதங்கள் ஆலோசனை எதுவும் சொல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். பயிற்சி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எடையைக் குறைக்கப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், தோற்றபின் யார் அவர்களோடு பேசுகிறார்கள் என்பவற்றைக் குறித்துவையுங்கள். பிறகு பேசத் தொடங்கும்போது, 18 வயது நிரம்பாதவர்களானால் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். சத்துவாச்சாரி வாசகரைப் போன்ற ஒருவரோடு சேர்ந்து பணியாற்ற வாய்த்தால், அவருக்கு உளவியலும் உங்களுக்கு மேடையும் விரைவில் புரியும்.