விற்கும் முன் வீட்டில் எதையெல்லாம் சரிசெய்யலாம்?
சமையலறையைப் புதுப்பித்துவிட்டு விற்கலாமா, இருக்கிறபடியே விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சமையலறை இருக்கட்டும், முதலில் தண்ணீர்க் கசிவைப் பாருங்கள். வீடு பார்க்க வருபவர் கூரை மூலையில் ஓர் ஈரக் கறையைக் கண்டால் போதும், உள்ளே இன்னும் என்னென்ன கெட்டிருக்கிறதோ என்று பயந்து, பழுதுபார்க்கும் செலவைவிட அதிகமாகவே விலையைக் குறைத்துக் கேட்பார். கறைமேல் பெயின்ட் அடித்து மறைப்பது தயவுசெய்து வேண்டாம். ஈரம் திரும்ப வெளியே வரும், உங்கள் பேச்சின் மேலுள்ள நம்பிக்கையும் போய்விடும். கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்தபிறகுதான் பெயின்ட்.

அப்புறம் சின்ன வேலைகள்: சொட்டும் குழாய், சரியாகச் சாத்தாத கதவு, குளியலறை டைல்ஸ் இடுக்கில் கறுத்துப்போன பூச்சு. செலவு குறைவு, ஆனால் வருபவர் கண்ணில் முதலில் படுவது இவைதான்.

சமையலறையை முழுதாக மாற்ற நான் சொல்லமாட்டேன். போட்ட பணம் பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது. நீங்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த அலமாரியை வாங்குபவர் கழற்றிப் போட்டாலும் போடுவார். மேடையில் விரிசல், தொங்கும் கதவு என்று இருந்தால் அவற்றை மட்டும் சரிசெய்யுங்கள். அதற்குமேல் செலவழிக்கத் தோன்றினால், அதே தெருவில் அண்மையில் விற்ற வீடுகள் எந்த நிலையில் இருந்தன என்று தரகரிடம் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.