வியாசர்பாடி பட்டறைக்கும் குவாண்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

கே: குவாண்டம் ஆராய்ச்சிக்கு மத்திய அரசு 6,000 கோடி ஒதுக்கியிருக்கிறதாம். அதெல்லாம் பெங்களூரு, கிண்டி ஆட்களின் சமாச்சாரம். எங்கள் தெரு லேத் பட்டறைக்காரருக்கு அதில் என்ன கிடைக்கும்? அரசு எதை மாற்ற வேண்டும்?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

ப: நிறையக் கிடைக்க வேண்டும். கிடைக்கவிடாமல் குறுக்கே நிற்பவை கொள்முதல் விதிகள்.

2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்தின் தொகை 6,003.65 கோடி ரூபாய். காலம் 2030-31 வரை. அதன் நான்கு மையங்களில் ஒன்று சென்னை ஐஐடியில் இருக்கிறது. குவாண்டம் என்பது அணு அளவில் நடக்கும் இயற்பியல். அந்த ஆய்வில் அணுக்களை லேசரால் பிடித்து நிறுத்தும் கருவிக்கு முதலில் வேண்டியது ஒரு வெற்றிட அறை, அதாவது காற்றை உறிஞ்சி வெளியேற்றிய உலோகப் பெட்டி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், ஃபிளேஞ்ச் (குழாய் முனையில் பொருத்தும் வளையம்), ஆர்கான் வெல்டிங். இதற்குக் கைத்திறன் உள்ளவர்கள் வடசென்னையில் உண்டு.

ஆனால் வெல்டிங் உட்பக்கம் விழ வேண்டும். வெளியே மட்டும் பற்றவைத்தால் குழாய்க்கும் ஃபிளேஞ்சுக்கும் நடுவே உள்ள இடுக்கில் காற்று தங்கிவிடும். அது நாள்கணக்கில் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். வெளியே ஹீலியம் தெளித்து ஓட்டை தேடும் லீக் டிடெக்டரை வைத்தாலும் பிடிபடாது. ஏனென்றால் காற்று வெளியிலிருந்து வரவில்லை. அடிமூடிய துளையில் திருகும் ஸ்க்ரூவும் இப்படித்தான். அதன் நடுவே மெல்லிய ஓட்டை போடாவிட்டால் அடியில் காற்று சிறைப்படும்.

டெண்டரில் 'எஸ்.எஸ். 304 சேம்பர், இத்தனை மில்லிமீட்டர்' என்று மட்டும் எழுதினால், வெளியே பற்றவைப்பவர்தான் விலை குறைவாகச் சொல்லி எல்-1 ஆக, அதாவது டெண்டர் கிடைக்கும் மிகக் குறைந்த விலைக்காரராக வருவார். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே வெல்டிங் எந்தப் பக்கம், கசிவு அளவு எவ்வளவு, எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் சூடேற்றி (பேக் செய்து) சோதிப்பது என்பதெல்லாம் டெண்டரிலேயே வர வேண்டும். சோதனைக் கருவியைச் சிறு பட்டறை சொந்தமாக வாங்க முடியாது. மாநில அரசின் சிட்கோ தொழிற்பேட்டையில் வாடகைக்கு ஒன்று இருந்தால் போதும்.

2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் ஒரு நல்ல காரியம் செய்தது. அறிவியல் நிறுவனங்கள் கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக்கியது. கொள்முதல் கமிட்டியின் வரம்பை 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாக்கியது. அரசின் இணையக் கொள்முதல் சந்தையான ஜெம் தளத்துக்கு வெளியே வாங்க இயக்குநருக்கே அதிகாரம் தந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களோ 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி வாங்குகின்றன. ஆராய்ச்சிக் கருவிகளுக்கு இதே தளர்வைக் கோட்டையிலிருந்தும் கொடுக்க வேண்டும். மத்திய அரசு கொடுத்துவிட்டதே என்று சும்மா இருக்கக் கூடாது.

அடுத்தது முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 ஸ்டார்ட்-அப்களுக்கு இதைத் தளர்த்த இடம் தருகிறது. அப்படியிருந்தும் பழைய டெண்டரை அப்படியே நகல் எடுக்கும் அலுவலகத்தில் அந்த நிபந்தனை மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. தணிக்கைக்குப் பயந்து இப்படிச் செய்பவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. தளர்த்தியது சரி என்று அவருக்கு எழுத்தில் பாதுகாப்புத் தர வேண்டும்.

கடைசியில் பணம். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பட்டுவாடா செய்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டி. ஆய்வகத்தில் மற்ற கருவிகள் வந்து சேராததால் ஏற்புச் சான்று தள்ளிப்போவதுதான் வழக்கமான சிக்கல். அதற்கும் சட்டத்தில் வழி உண்டு: சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், வந்த நாளே ஏற்ற நாள். உங்கள் தெருப் பட்டறைக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்: ஆர்டர் எடுக்கும் முன்பே உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறு தொழில் பதிவு) கையில் இருக்கட்டும், சரக்கு இறக்கிய அன்றே டெலிவரி சலானில் தேதி போட்டு சீல் வாங்கிக்கொள்ளட்டும்.