வாசகர் கேள்வி பதில்: கிளினிக்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல

கேள்வி: வணக்கம்மா. தென்னாப்பிரிக்காவுல டர்பன் சாட்ஸ்வொர்த்துல முனிசிபாலிட்டியோட கவுன்சில் பிளாட்ல மேல் மாடியில இருக்கோம், மழை பேஞ்சா ஒழுகி பெட்ரூம் சுவரெல்லாம் கறுப்பா பூசணம், பேரனுக்கு ஆறு வயசு, ஆஸ்துமா. கிளினிக்ல பம்ப் (இன்ஹேலர்) குடுக்குறாங்க, கொஞ்ச நாள் நல்லா இருக்கான், திரும்ப இழுக்குது. சிஸ்டர்கிட்ட சொன்னா வீட்டு விஷயம் ஹவுசிங் ஆபிஸ்ல கேளுங்கங்குறாங்க, அங்க போனா நோய்க்கு கிளினிக் போங்கங்குறாங்க. யாரைத்தான் பாக்குறது?

பதில்: ஹெல்த் இன்ஸ்பெக்டரைப் பாருங்க ஆயா. இப்ப அவங்க பேரு என்விரான்மென்டல் ஹெல்த் பிராக்டிஷனர்னு நீளமா ஆயிடுச்சு, ஆனா வேலை அதேதான், குடியிருக்குற இடம் உடம்புக்குக் கெடுதலா இருக்கான்னு நேர்ல வந்து பாத்து எழுதுறது, 2003-ல வந்த நேஷனல் ஹெல்த் ஆக்ட் அந்தப் பொறுப்பை முனிசிபாலிட்டிக்குத்தான் குடுத்திருக்கு. பல பேருக்கு இப்படி ஒரு ஆள் இருக்கார்ங்குறதே தெரியாது.

ஆனா வெறுங்கையோட போகாதீங்க. கிளினிக்ல ரெண்டு வரி எழுதி வாங்குங்க, பையனுக்கு ஆஸ்துமா, படுக்குற ரூம்ல ஈரமும் பூசணமும் இருக்கு, அதனால அதிகமாகுதுன்னு. "வேற வீடு குடுங்க"ன்னு எழுதச் சொன்னா சிஸ்டர் தயங்குவாங்க, இதுக்குத் தயங்க மாட்டாங்க. ஒரு காப்பி இன்ஸ்பெக்டருக்கு, ஒண்ணு ஹவுசிங்குக்கு, ரெண்டு எடத்துலயும் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்காம நகராதீங்க. இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் வந்ததும் அந்த நம்பர்களோட வார்டு கவுன்சிலர்கிட்ட போங்க.

அதுவரைக்கும் பூசணத்து மேல பெயின்ட் மட்டும் அடிக்காதீங்க, ஒழுகல் நிக்காம அது திரும்ப வரும். ஜிக் (பிளீச்) போட்டுத் தொடச்சா அந்த நெடி போற வரைக்கும் பையன் உள்ள வேண்டாம்.

எனக்கு எரிச்சலா இருக்குறது என்னன்னா, அரசியல் சட்டத்துல 26-வது பிரிவு வீடு, 27-வது பிரிவு மருத்துவம், பக்கத்து பக்கத்துலதான் இருக்கு, ஆபிஸுக்கு வந்தா மட்டும் ஆயாதான் தபால்காரர். இத்தனைக்கும் நம்ம குவாசுலு-நேட்டால் மாகாணத்துலயே 1940-ல டாக்டர் சிட்னி கார்க்கும் எமிலி கார்க்கும் ஃபொலேலாவுல ஹெல்த் சென்டர் ஆரம்பிச்சப்ப வீடு வீடா ஆள் அனுப்பி கக்கூஸ், தண்ணி, காய்கறித் தோட்டம் எல்லாத்தையும் வைத்தியத்தோட சேத்துதான் பாத்தாங்க.

கேள்வி: எனக்கு டிபி, மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆகுது. வாடகைக்கு இருக்குற வீட்டோட ஓனருக்குத் தெரிஞ்சு உடனே காலி பண்ணுங்குறார். போயிடணுமா?

பதில்: வேண்டாம் தம்பி. கோர்ட் ஆர்டர் இல்லாம குடியிருக்குற வீட்டை விட்டு யாரையும் வெளியேத்த முடியாது, அதுவும் அதே 26-வது பிரிவுலதான் இருக்கு. வாடகைத் தகராறைப் பாக்குற ரென்டல் ஹவுசிங் டிரிப்யூனல்ல புகார் குடுங்க, காசு கிடையாது. மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டுட்டு வந்தா சில வாரத்துலயே பரவுறது பெரும்பாலும் நின்னுடும், இதை கிளினிக் சிஸ்டரையே வீட்டு ஓனர்கிட்ட சொல்லச் சொல்லலாம், உங்களுக்குச் சம்மதம்னா மட்டும். எப்படியோ வீடு மாறித்தான் ஆகணும்னா கிளம்புறதுக்கு முன்னாடியே கிளினிக்ல டிரான்ஸ்ஃபர் லெட்டரும் கைக்கு மாத்திரையும் வாங்கிக்கோங்க, ஆறு மாசக் கோர்ஸ் நடுவுல அறுந்து போறது பல நேரம் இந்த வீடு மாத்துற நேரத்துலதான்.