உரிமம் யாரைக் கட்டுப்படுத்துகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வந்த மென்பொருளை எங்கள் அலுவலகத் தேவைக்காக மாற்றி எழுதியிருக்கிறோம். மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வடிவத்தை, வெளியிட்டே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. அலுவலகத்துக்குள் என்ன மாற்றினாலும் அது உங்கள் விருப்பம். வெளியாருக்கு அந்த மென்பொருளைக் கொடுக்கும்போதோ விற்கும்போதோதான் ஜிபிஎல்லின் நிபந்தனைகள் தொடங்கும். விற்பதற்கும் தடை இல்லை. வாங்குபவருக்கு மூலநிரலும் அதே உரிமைகளும் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ஜிபிஎல்லின் உறவான ஏஜிபிஎல் உரிமம் மட்டும் வேறு: நீங்கள் மாற்றியதை இணையச் சேவையாக நடத்தினாலே, பயன்படுத்துவோருக்கு மூலநிரல் தர வேண்டும்.

கேள்வி: பிஎஸ்டி என்ற உரிமம்தான் உண்மையான சுதந்திரம், ஜிபிஎல் கையைக் கட்டிப்போடுகிறது என்கிறார் நண்பர். சரியா?

யாருடைய கையை என்று அவரிடம் கேளுங்கள். பிஎஸ்டியில் பதிப்புரிமை அறிவிப்பை நீக்காமல் வைத்திருந்தால் போதும். மாற்றிய நிரலை மூடி, அதாவது மூலநிரலைத் தராமல், விற்கலாம். பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுக் கருவியின் இயங்குதளம், பிஎஸ்டி உரிமத்திலுள்ள ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்திலிருந்து உருவானது. அதில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. ஆனால் அதை வாங்கியவருக்கு ஃப்ரீபிஎஸ்டியின் சுதந்திரம் எதுவும் வந்து சேரவில்லை.

ஜிபிஎல் செயல்படும் விதம் வேறு. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருக்குள் ஜிபிஎல் உரிமத்திலுள்ள லினக்ஸ் ஓடுவதைக் கண்டுபிடித்தவர்கள் மூலநிரலைக் கேட்டு விடாமல் நெருக்கினார்கள். 2003-இல் நிறுவனம் அதை வெளியிட்டது. ரூட்டர்களுக்கான திறமூல இயங்குதளமான ஓபன்டபிள்யூஆர்டி அந்த நிரலிலிருந்துதான் பிறந்தது. இடையில் இருக்கும் விற்பனையாளரிடமிருந்து ஓர் உரிமையை எடுத்துக்கொண்டு, கடைசியாக வாங்குபவருக்குப் பல உரிமைகளைத் தருகிறது ஜிபிஎல். அந்தப் பரிமாற்றம் நியாயமானது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்காக எல்லாவற்றுக்கும் ஜிபிஎல் என்று சொல்ல மாட்டேன். ஒரு நெறிமுறையோ (கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறை) கோப்பு வடிவமோ எல்லா இடத்துக்கும் பரவ வேண்டுமென்றால் பிஎஸ்டியோ அதைப் போன்ற எம்ஐடி உரிமமோ நல்லது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டிசிபி/ஐபி இணைய நெறிமுறை நிரல் அப்படித்தான் பல இயங்குதளங்களுக்குள் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: என் ரூட்டரின் தயாரிப்பாளரிடம் நானும் மூலநிரல் கேட்கலாமா?

அதில் லினக்ஸ் ஓடினால் தாராளமாக. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், ஜிபிஎல்லின் 2-ஆம் பதிப்பில் இருக்கிறது. மூலநிரலைக் கூடவே தராத தயாரிப்பாளர், கேட்பவர் எவருக்கும் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டு செல்லுபடியாகும் எழுத்துபூர்வ உறுதி கொடுத்திருக்க வேண்டும். மாடலையும் ஃபர்ம்வேரின் (ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) பதிப்பு எண்ணையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: கோப்புகளைச் சேமிக்கும் அமைப்பான இசட்எஃப்எஸ் ஏன் லினக்ஸ் கெர்னலுக்குள் இல்லை?

இசட்எஃப்எஸ் சன் நிறுவனத்தின் சிடிடிஎல் உரிமத்தில் வந்தது. சிடிடிஎல், கெர்னலின் ஜிபிஎல் இரண்டுமே திறமூல உரிமங்கள்தான். ஆனால் ஒன்றின் நிபந்தனை மற்றதோடு ஒத்துப்போகாது. லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான உபுண்டு, 2016-இல் இசட்எஃப்எஸ்ஸைத் தனி மாட்யூலாகச் சேர்த்தது. அதுவும் உரிம மீறலே என்றது திறமூல மென்பொருளுக்கான அமைப்பான சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி.

கேள்வி: நாங்கள் நம்பியிருக்கும் திறமூல மென்பொருளின் உரிமத்தை நிறுவனம் திடீரென்று மாற்றினால்?

ஏற்கெனவே வெளியான பதிப்பு பழைய உரிமத்திலேயே இருக்கும். 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் பிஎஸ்டியைக் கைவிட்டபோது, அதன் பழைய நிரலிலிருந்து வால்கீ என்ற தனித் திட்டம் கிளைத்தது. லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதை ஏற்றுக்கொண்டது. அப்புறம் 2025-இல் ரெடிஸே ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது. எனவே எதையும் தேர்ந்தெடுக்குமுன் உரிமத்தின் பெயரோடு பதிப்புரிமை யாரிடம் என்பதையும் பாருங்கள். பங்களிப்பவர்கள் எல்லாரும் ஒரே நிறுவனத்துக்கு உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால், அந்த நிறுவனம் நினைத்த அன்று உரிமம் மாறலாம். லினக்ஸ் கெர்னலில் அது ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது. அத்தனை பேரையும் சம்மதிக்க வைப்பது நடைமுறையில் ஆகாத காரியம்.