குளத்தை ஒரே ஆழமாகத் தோண்டலாமா? – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் வரித்தலை வாத்துகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஜனவரியில் அங்கே போய்ப் பார்த்தேன். எனக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம். எங்கள் குளத்துக்கும் முன்பு இந்த வாத்துகள் வரும் என்று அப்பா சொல்வார். இந்தக் கோடையில் ஊர் இளைஞர்கள் சேர்ந்து குளத்தைத் தூர்வாரப் போகிறோம். முழுக் குளத்தையும் ஒரே ஆழமாகத் தோண்டிச் சுற்றிலும் மரம் நடலாம் என்று திட்டம். தண்ணீர் கூடுதலாக நின்றால் பறவையும் கூடுதலாக வரும்தானே?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

ஊர்க்குளத்துக்காக வெயிலில் இறங்கப்போகிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ஒரே ஆழமாகத் தோண்டிவிடாதீர்கள்.

வரித்தலை வாத்து மாட்டைப்போல மேய்கிற பறவை. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறது. கருவி பொருத்திப் பார்த்ததில் 7,290 மீட்டர் உயரத்தில்கூடப் பறந்திருக்கிறது. அவ்வளவு தூரம் வந்து அது தேடுவது குளத்தோரப் புல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும் குளம், பிசான (மழைக்காலப் போக) நெல்லுக்குத் தண்ணீர் பாயப் பாயத் தை, மாசியில் மெல்ல வற்றுகிறது. தண்ணீர் விலகிய ஈரத்தில் கோரையும் புல்லும் துளிர்க்கின்றன. வாத்துக்குத் தீனி அதுதான். உள்ளானுக்குக் கணுக்கால் தண்ணீர் போதும், கரண்டிவாயனுக்குக் கெண்டைக்கால் அளவு. குளம் தொட்டி மாதிரி ஆகிவிட்டால் இந்த ஓரமே இருக்காது. முங்கி இரை தேடும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் வரும், மற்றவை மேலே ஒரு வட்டமடித்துவிட்டுப் போய்விடும். அப்படி ஆன ஒரு குளத்தை நானே பார்த்திருக்கிறேன். அதன் கரையில் நின்றபோது அழுகை வந்துவிட்டது.

அதற்காகத் தூர்வாரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டல் சேர்ந்தால் விவசாயத்துக்குத் தண்ணீர் நிற்காது. மண்ணைக் கரைப் பக்கமும் மடைப் பக்கமும், கரையின் அடியை விட்டுச் சற்றுத் தள்ளி எடுங்கள், குளம் இயல்பாகவே ஆழமாக இருப்பது அங்கேதான். வரத்துக்காலைச் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் வந்து நுழையும் பக்கம் மெல்லச் சரிந்து ஏறும் உள்வாயை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். முன்பு கோடையில் கரம்பை மண்ணை, அதாவது குளத்து வண்டலை, மாட்டுவண்டியில் அள்ளி வயலுக்கு அடித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அள்ளியதால் சரிவு கெடவில்லை. ஜேசிபிக்கு அந்த நிதானம் கிடையாது. பக்கத்தில் நின்று நாம்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் மரம். கூந்தன்குளத்தில் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நாரைக்கு மரம் வேண்டும், சரி. வாத்து இங்கே கூடு கட்டுவதில்லை. நாய், நரி வந்தால் தூரத்திலேயே தெரிகிற திறந்த வெளிதான் அதற்குப் பாதுகாப்பு. மரத்தைக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்வாயில் சீமைக்கருவேலம் ஏறியிருந்தால் எடுத்துவிடலாம், கூடு இருக்கும் மரத்தை மட்டும் குஞ்சுகள் பறந்துபோகும்வரை தொடாதீர்கள்.

கூந்தன்குளம் 1994-இல் சரணாலயம் ஆனது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இத்தனை இருந்தும் அந்த ஒரு குளம் போதாது. மணிமுத்தாறு கால்வாயில் தண்ணீர் வராமல், மழையும் பொய்த்த வருஷம் அது வறண்டுவிடும். அப்போது பறவைகளுக்குப் புகலிடம் உங்கள் குளத்தைப் போன்ற பெயர் தெரியாத குளங்கள்தான். தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் சரணாலயத்தோடு நிற்காமல் ஊர்க்குளங்களுக்கெல்லாம் போகிறது. அடுத்த ஜனவரியில் நீங்களும் அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். இயந்திரம் வருவதற்கு முன்னால், குளத்தில் தண்ணீர் பார்த்துவந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே நடந்துபோங்கள். தை மாதத்தில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று அவரிடம் கேட்டு, அந்த இடத்தில் வரிசையாகக் கல் நட்டுவிடுங்கள். தோண்டுவது அந்தக் கல் வரிசைக்கு வெகு முன்பே, மடைப் பக்கத்தோடு நின்றுவிட வேண்டும். அப்பாவையும் அழைத்துப் போங்கள். வாத்துகள் எந்த மூலையில் மேய்ந்தன என்று அவருக்கு ஞாபகம் இருக்கும்.

அன்புடன்,
அக்கா