காபரேற்றரைக் கழற்றுவதற்கு முன்

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

(திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் நான்கு, பழைய சிறிய கார்களில் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றர் பற்றியவை. அவற்றுக்கு இம்முறை சேர்த்தே பதில் தருகிறோம்.)

கேள்வி: ஐயா, 1098 சீ.சீ. எஞ்சின் கொண்ட, என் தகப்பனாரின் மொரிஸ் மைனர் 1000 கார் என்னிடம் இருக்கிறது. மழைக்காலம் முழுவதும் அதை ஓட்டாமல் வீட்டு முகப்பில் நிறுத்தியிருந்தேன். இப்போது சோக்கை இழுத்தால் எஞ்சின் பிடிக்கிறது. உள்ளே தள்ளியதும் அணைந்துவிடுகிறது. சோக்கைப் பாதி இழுத்தபடி கந்தளாய் வீதியில் போனால், சிறிது தூரம் நன்றாக ஓடியபின் இழுவை குறைந்து வெட்டி வெட்டி ஓடுகிறது. ஓரமாக நிறுத்திச் சற்று நேரம் காத்திருந்தால் மறுபடியும் ஓடுகிறது. காபரேற்றர் தேய்ந்துவிட்டதாம், அதை நீக்கிவிட்டு ஜப்பான் காபரேற்றர் ஒன்றைப் பொருத்தலாம் என்று கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், உவர்மலை

பதில்: செய்ய வேண்டாம். தேய்ந்த காபரேற்றர் எந்நேரமும் ஒரே மாதிரித்தான் தொல்லை தரும். சற்று நேரம் நின்றால் திருந்திக்கொள்ளாது. ஓட ஓட இழுவை குறைந்து, நிறுத்திவைத்தால் மீள்கிற வண்டிக்குப் போதிய பெற்றோல் வந்து சேரவில்லை என்பதுதான் முதலில் எழவேண்டிய ஐயம். தாங்கியின் அடியில் தேங்கிய துருவும் வண்டலும் ஓட்டத்தின்போது உறிஞ்சு குழாயின் வாயில் திரண்டு வழியை அடைக்கின்றன. வண்டி நிற்கும்போது அவை மறுபடி கீழே படிந்துவிடுகின்றன. சாவியைத் திருப்பியதும் பம்ப், காபரேற்றரில் பெற்றோல் தேங்கும் மிதவை அறையை நிரப்பிவிடுகிறது. சோக் பற்றி நீங்கள் எழுதியதும் இதையே காட்டுகிறது. உங்கள் காரிலுள்ள எஸ்.யூ. (S.U.) வகைக் காபரேற்றரில் சோக் என்பது காற்றை மறைக்கும் தகடு அல்ல. அது பெற்றோல் வரும் துளையான ஜெட்டைக் கீழே இறக்கி, அத்துளைக்குள் நிற்கும் ஊசிக்கும் ஜெட்டுக்கும் இடையிலுள்ள வழியை அகலமாக்கிக் கூடுதலாகப் பெற்றோலை விடுகிறது. ஆகவே சோக் இல்லாமல் ஓட மறுக்கும் எஞ்சினுக்குக் கிடைக்கும் கலவை மெலிந்திருக்கிறது. பெற்றோல் குறைவாக வருகிறது, அல்லது வரக்கூடாத இடத்தால் காற்று வருகிறது. இவ்விரண்டில் எது என்று தெரியாமல் ஸ்பனரை எடுப்பதில் பயனில்லை.

பற்றவைப்பில் குறை இல்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலமும் டிஸ்ட்ரிபியூற்றருக்குள்ளிருக்கும் பொயின்றின் இடைவெளி 0.015 அங்குலமும் இருக்கவேண்டும். பிளக்கின் முனை வெளுத்திருந்தால் கலவை மெலிவு என்ற ஊகம் வலுக்கும். கரி படிந்து கறுத்திருந்தால் நான் மேலே சொன்னதை மறந்துவிட்டு அடுத்த கேள்விகளின் பதில்களைப் பாருங்கள்.

அடுத்து பெற்றோல் வரத்து. மைனரின் மின்பம்ப் பொனற்றுக்குள், பின்பக்கத் தடுப்புச் சுவரில் இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பற்றவைப்புக் கொயிலுக்குப் போகும் வயரைக் கழற்றி முனையை மூடிவைத்துவிட்டு, காபரேற்றரில் வந்து சேரும் பெற்றோல் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, சாவியைத் திருப்புங்கள். நல்ல பம்ப் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ அரை லீற்றர் தள்ளும். டிக் டிக் என்ற சத்தம் வேகமாகக் கேட்டும் பெற்றோல் குமிழி குமிழியாக வந்தால், தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் எங்கோ காற்று நுழைகிறது. சத்தமே இல்லையென்றால் பம்பின் தொடுமுனைகளையும் ஏர்த் இணைப்பையும் பாருங்கள். கடலை ஒட்டிய ஊரில் மாதக்கணக்கில் நின்ற காரில் அவை பச்சை பூத்திருப்பது வழக்கம். வரத்து முதலில் நன்றாக இருந்து பிறகு தளர்ந்தால் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை இழுக்கும் ஓசை கேட்டு வரத்தும் சீரானால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. அதைச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்துவிடும்.

ஆனால் உங்கள் காரில் தண்ணீரும் துருவும் அகப்படும் என்றே நினைக்கிறேன். பாதி வெறுமையான தாங்கியில், ஐப்பசி தொடங்கித் தை வரையிலான ஈரக் காற்று உட்சுவரில் வியர்த்து இறங்கும். தண்ணீர் பெற்றோலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கித் தகட்டைத் துருவாக்கும். 2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற காலத்தில், கலனில் சேர்த்த பெற்றோலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஓடிய வண்டிகள் பலவற்றில் இந்த வண்டல் இன்னமும் இருக்கிறது. (சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு நாம் வரிசையில் நின்றது வேறு கதை.) தாங்கியை முழுவதும் வடித்து, வடிந்ததைக் கண்ணாடிப் போத்தலில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள், அடியில் தண்ணீர் கோடு பிரித்து நிற்பது தெரியும். பம்பின் அடியிலுள்ள வலை வடிகட்டியையும் கழுவுங்கள். இதைச் செய்யாமல் காபரேற்றரை மட்டும் எத்தனை முறை துடைத்தாலும், புதிய காபரேற்றரையே வாங்கிப் பூட்டினாலும், அதே அழுக்கு மறுபடியும் வந்து சேரும். ஜப்பான் காபரேற்றர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான்.

இனிக் காபரேற்றர். இந்த எஞ்சினில் புகை வெளியேறும் மனிபோல்ட் காபரேற்றருக்கு நேர் கீழே அமைந்திருப்பதால், சூடான எஞ்சினில் பெற்றோல் சொட்டும் எந்த வேலையையும் தொடக்கூடாது. மிதவை அறையின் மூடியிலுள்ள மூன்று ஆணிகளைக் கழற்றினால் அடியில் சேறும், சில வேளை முத்து முத்தாகத் தண்ணீரும் தெரியும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் தளும்பினால் அது ஓட்டை. மூடியைக் கவிழ்த்துப் பிடிக்கும்போது, மிதவைக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையில் 3 முதல் 5 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும். ஜெட்டுக்குப் போகும் நைலோன் குழாயைக் காற்றடித்துத் துப்புரவாக்குங்கள்.

பிறகு, கவிழ்த்த மணிபோல் மேலே நிற்கும் உறையை, அது இருக்கும் திசைக்கு ஓர் அடையாளம் கீறிவிட்டு, ஆணிகளைக் கழற்றி நேராக மேலே தூக்குங்கள். சரித்துத் தூக்கினால் ஊசி வளைந்துவிடும். உறையும் அதற்குள்ளிருக்கும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று பொருந்தக் கடைந்தெடுத்த சோடி என்பதால், வேறொரு காரின் பிஸ்டனை இதற்குள் போடக்கூடாது. உட்சுவரையும் பிஸ்டனின் விளிம்பையும் பெற்றோலிலோ மெதிலேற்றட் ஸ்பிரிற்றிலோ நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். உப்புத்தாள் பக்கம் போகவே வேண்டாம். பிஸ்டனின் தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். அகன்ற பகுதி காய்ந்தே இருக்கவேண்டும், ஏனெனில் அங்கே படியும் எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிஸ்டனை இறுக்கிவிடும். சுருள்வில்லை இழுத்து நீட்டுவதும் கெடுதலே.

எல்லாவற்றையும் பூட்டியபின், ஜெட் மேலே இருக்கும் நிலையில் பிஸ்டனை உயர்த்தி விடுங்கள். அது தடையில்லாமல் விழுந்து, 'டிக்' என்று உலோகத்தில் தட்டும் ஓசை கேட்கவேண்டும். சோக்கை இழுத்து ஜெட்டை இறக்கினால் மட்டும் ஓசை கேட்டு, மேலே வைத்தால் கேட்காவிட்டால், ஊசி ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டை நடுவில் நிறுத்தும் அந்த வேலையை எஸ்.யூ. தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

கலவையைச் சரிசெய்வதற்கு ஜெட்டின் நட்டை மேலே முழுவதும் ஏற்றி, பின் இரண்டு முழுச் சுற்று, அதாவது நட்டின் பன்னிரண்டு பட்டைகள், கீழே இறக்கித் தொடங்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானபின், காபரேற்றரில் பிஸ்டனை உயர்த்துவதற்கென்றே உள்ள சிறு முள்ளால் அதை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஒரு கணம் சற்றே கூடி மறுபடி அடங்கினால் கலவை சரி. கூடிய வேகம் அப்படியே நின்றால் கலவை செறிவு, நட்டை ஒரு பட்டை மேலே ஏற்றவேண்டும். எஞ்சின் அணையப் பார்த்தால் மெலிவு, கீழே இறக்கவேண்டும். இத்தனைக்குப் பிறகும் மெலிவு தீரவில்லையென்றால், எஞ்சின் ஓடும்போது காபரேற்றரை எஞ்சினோடு இணைக்கும் மனிபோல்டின் கஸ்கற்றைச் சுற்றியும், அக்சிலேற்றரை மிதிக்கும்போது திரும்பும் திரொட்டில் தண்டின் இரு முனைகளிலும் சவர்க்கார நீரைத் தூரிகையால் தடவுங்கள். தடவும்போது எஞ்சினின் சத்தம் மாறும் இடத்தில் காற்று நுழைகிறது. திரொட்டில் தண்டு அவ்வாறு தேய்ந்திருந்தால்தான் கராஜில் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. அப்போதும் தண்டையும் புஷ்ஷையும் மாற்றினால் போதும்.

கேள்வி: எங்கள் மினியில் அக்சிலேற்றரைத் திடீரென்று மிதித்தால் எஞ்சின் ஒரு கணம் தயங்கியே வேகமெடுக்கிறது. காபரேற்றரின் மேல்மூடிக்குள் கியர் ஒயில் ஊற்றலாம் என்று ஒருவர் சொன்னார்.
– வாசகி, கிண்ணியா

பதில்: காபரேற்றரில் கவிழ்த்த மணிபோல் நிற்கும் உறையின் தலையிலுள்ள மூடியைத் திருகி எடுத்துப் பாருங்கள்; எண்ணெய் வற்றியிருக்கும். பிஸ்டன் சட்டென்று எழும்பிவிடாமல் இந்த எண்ணெய் தடுப்பதால்தான், மிதித்த கணத்தில் கலவை சற்றே செறிவாகிறது. பிஸ்டனின் குழல் தண்டுக்கு மேல் 13 மில்லிமீற்றர் நிற்கும்படி 20 தர எண்ணெய் ஊற்றுங்கள். தையல் இயந்திர எண்ணெய் மெலிது; தயக்கம் தீராது. கியர் ஒயில் ஊற்றினால் பிஸ்டன் மந்தமாக எழும்பி, கலவை தேவைக்கு மேல் செறிந்து, பின்னால் கரும்புகை வரும்.

கேள்வி: என் பழைய ஜப்பான் கார் வீதியில் நன்றாக ஓடுகிறது, சந்தியில் நிறுத்தினால் அணைந்துவிடுகிறது. ஜெட்டை மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தேன், பயனில்லை.
– வாசகர், நிலாவெளி

பதில்: கம்பியை இனித் தொடாதீர்கள். ஜெட் பித்தளையில் ஆனது. உருக்குக் கம்பி அதன் துளையைப் பெருப்பித்துவிட்டால் எந்தச் சுத்திகரிப்பாலும் அது மீளாது. உங்கள் வண்டியில் எஸ்.யூ. போலன்றி, நின்ற நிலை ஓட்டத்துக்கென்று தனியாக ஒரு சிறு ஜெட் உண்டு. அடைபட்டிருப்பது பெரும்பாலும் அதுதான். கழற்றிக் காபரேற்றர் கிளீனரில் ஊறவிட்டுக் காற்றடியுங்கள். அதற்கும் அசையாத பிசினுக்கு மெல்லிய தங்கூசி (தூண்டில் நைலோன்) இழை ஒன்று போதும். நிலாவெளியில் அதற்குப் பஞ்சமில்லை. ஜெட்டின் அருகே வயர் செருகிய மின்வால்வு இருந்தால், சாவியைத் திருப்பும்போது அது 'டிக்' என்கிறதா என்றும் கேளுங்கள். மௌனமாக இருந்தால் அந்த வயரிலிருந்து தேடத் தொடங்கலாம்.

கேள்வி: கச்சான் காற்று வீசும் மாதங்களில், பகலில் கடைக்குப் போய்த் திரும்பினால் எங்கள் மைனர் பிடிக்க மறுக்கிறது; பெற்றோல் மணமும் வருகிறது. இது ஆபத்தா?
– வாசகர், பாலையூற்று

பதில்: மணம் மட்டும் என்றால், நிறுத்திய எஞ்சினின் வெப்பத்தில் மிதவை அறையின் பெற்றோல் ஆவியாகி எஞ்சினுக்குள் நிறைந்திருக்கிறது. சோக்கைத் தொடாமல், அக்சிலேற்றரை முழுவதும் மிதித்து வைத்தபடி ஸ்ராட் செய்யுங்கள். விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். மிதவை அறையின் வழிவுக் குழாயால் பெற்றோல் சொட்டினால் அது ஆபத்துத்தான். அழுக்கு அகப்பட்டோ தேய்ந்தோ ஊசி வால்வு மூடாமல் நிற்கிறது. உடனே சாவியை அணைத்துப் பம்பை நிறுத்துங்கள். வால்வையும் அதன் இருக்கையையும் சோடியாக மாற்றும்வரை அந்தக் காரை வீதியில் எடுக்க வேண்டாம்.